நாற்காலி சுற்றுகிறதா, கல்லூரி சுற்றுகிறதா

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. பாளையங்கோட்டைப் பேருந்தில் என் முன்னிருக்கைப் பெண் போனில், "ஒரு கழித்தல் குறிக்காக நாலு வருசம் வீணாப் போயிரும்க்கா" என்று அழுதாள். என் கதைகளைப் படித்து யாரும் இப்படி அழுததில்லை. அவளுக்கு ரீபா என்று பெயர் வைத்தேன்.

[முதல் தொடக்கம்: "தாமிரபரணியில் அன்று வெள்ளம்..." அடித்துவிட்டேன். மூலக்கூறுக்கு ஆற்றோடு என்ன வேலை?]

2

ரீபாவின் ஆய்வு என்.எம்.ஆர். பற்றியது, அதாவது காந்தத்தை வைத்து மூலக்கூறுகளை ஆராயும் முறை. காந்தப்புலத்தில் ஒரு மூலக்கூறு எப்படிச் சாய்ந்து நிற்கிறது என்று மூன்று கோணங்களில் சொல்ல வேண்டும். (மூன்றாவது கோணம் எனக்கும் விளங்கவில்லை.) அதற்கு இரண்டு வழக்கங்கள். மூலக்கூறைத் திருப்பலாம், அல்லது அதைச் சும்மா விட்டு, அளக்கும் அச்சுகளைத் திருப்பலாம். விஷயம் ஒன்றுதான், கூட்டல் கழித்தல் குறிதான் தலைகீழ்.

ஆய்வேட்டைக் கொடுக்க இன்று ஐந்து மணிதான் கடைசி. வழிகாட்டி பாக்கியசீலன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்.

"முப்பது வருசமா அச்சைத்தாம்மா திருப்புதேன். மூலக்கூறத் தொட்டதே இல்ல. எல்லாக் குறியையும் மாத்து."

"மாத்துனா மத்த கணக்கெல்லாம் தப்பாயிரும் சார். ரெண்டும் ஒண்ணுதான், பாருங்க."

அவர் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். விளக்கத்துக்காக என்றுதான் எழுத நினைத்தேன். கோபத்தில்தான் சுற்றிவிட்டாள்.

3

"நான் அசையல. காலேஜ்தான் சுத்துது" என்றார் பாக்கியசீலன், சுற்றிக்கொண்டே.

காலை ஊன்றினால் நாற்காலி நின்றுவிடும். ஆனால் ஊன்றினால், சுற்றியது தான்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே! பிடித்தால் பிடித்த பிடி. காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"மேசை என் முன்னால வந்து நிக்கட்டும். கையெழுத்துப் போடுதேன்."

கதவருகே உதவியாளர் மாரிக்கண்ணு பொறுமை இழந்தாள். "யாரு சுத்துனா என்ன சார்? நான் பூட்டணும்லா?" என்று பூட்டெடுக்கப் போய்விட்டாள்.

இயற்பியலின்படி நாற்காலி இந்நேரம் நின்றிருக்க வேண்டும். கதையில் நிற்கவில்லை. மணி நாலு ஐம்பத்திரண்டு.

4

முடிவு அ: பாக்கியசீலன் மனம் மாறி— மாட்டார்.

முடிவு ஆ: ரீபா குறிகளை மாற்றி— முடியாது. அவள் செய்தது சரி. சரியானதைக் கெடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பேனாவைத் திறந்து பிடித்தபடி அவர் மேசையைக் கடந்து போகிறார், மறுபடி வருகிறார். ரீபாவின் இரண்டு கைகளிலும் ஆய்வேடு விரித்தபடி இருக்கிறது. நானோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கை சும்மாதானே இருக்கிறது? கொஞ்சம் நாற்காலியைப் பிடியுங்களேன்.