மூன்றாவது குழல்

மொராவிடம் இருந்தது பள்ளிப் பிள்ளைகள் ஊதிப் பழகும் மலிவான உலோகப் புல்லாங்குழல். உதடு படும் இடத்தில் பூச்சு உரிந்துபோய், கீழ்ச் சுரங்களுக்குப் போனால் பாதி மூச்சு வீணாகிக்கொண்டிருந்தது. அவள் அந்தக் குழலைத் தாண்டி வளர்ந்துவிட்டாள் என்று இளைஞர் இசைக்குழுவை நடத்தும் பராசாவே சொல்லிவிட்டார். டிசம்பர் கச்சேரியில் முதல் குழல் நாற்காலி யாருக்கு என்று ஆகஸ்டில் தேர்வு வைப்பார். தனியாக வாசிக்கும் பகுதி அந்த நாற்காலிக்குத்தான். மொராவுக்கு அது வேண்டும். கிஸி ஊரில் வாழைத்தார் வியாபாரம் செய்யும் அம்மா, தன் முறைக்கு வந்த சீட்டுப் பணத்தை அப்படியே அனுப்பிவைத்தாள். இன்னொரு தடவை கேட்காதே என்றும் சொல்லி அனுப்பினாள்.

குழல் வாங்க யாரும் தனியாகப் போவதில்லை. ஊதுகிறவளுக்குக் கேட்பதில் பாதி அவள் மண்டைக்குள்ளேயே கேட்கிற சத்தம். சபையில் அது எப்படி விழும் என்று அவளால் சொல்ல முடியாது. அதனால் நல்ல காது உள்ள ஒருத்தரைக் கூட்டிப்போய், எட்டத்தில், சுவரைப் பார்த்து நிற்கவைப்பார்கள். எந்தக் குழல் என்று தெரியாமல் கேட்டு அவர் சொல்வதுதான் முடிவு.

மொரா கூட்டிப்போனது அடோங்கோவை. இருவரும் குழுவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒரே மட்டாட்டு வேனில் உமோஜா பேட்டைக்குத் திரும்புவார்கள், ஒரே பொட்டலத்தில் சிப்ஸ் தின்பார்கள். அடோங்கோவும் அதே நாற்காலிக்குத்தான் போட்டியிடப்போகிறாள் என்பது மொராவுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் அதை ஒரு விஷயமாக நினைக்கவே அவளுக்குத் தோன்றவில்லை. அடோங்கோவோ குழுவின் பழைய குழலை இரவல் வாங்கி ஊதுகிறவள். இந்த வருடம் தனக்குப் புதுசு வாங்க வழியில்லை என்று அவளே சொல்லியிருந்தாள்.

கடைக்காரர் முட்டிசோ மூன்று குழல்களை எடுத்து வைத்தார். மூன்றுக்கும் வாய் வைக்கும் தலைப்பகுதி வெள்ளி, திறந்த துளைகள். அடோங்கோ கடையின் கோடியில் கித்தார்கள் தொங்கும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். ஒரே மெட்டை மொரா மூன்றிலும் வாசித்தாள். முதலாவது முரண்டு பிடித்தது. இரண்டாவது சொன்னபடி கேட்டது, அவ்வளவுதான். மூன்றாவதை வாயில் வைத்ததும் மூச்சு தானாக உள்ளே போனது. அவள் எதையும் தள்ள வேண்டியிருக்கவில்லை. ஒரே குறை, இடது சுண்டுவிரலால் அழுத்தும் சாவி ஒவ்வொரு தடவையும் டிக் என்றது. அது ஊதுகிறவளுக்கும் ஒட்டி நிற்கிறவர்களுக்கும்தான் கேட்கும், ஒரு துணுக்கு கம்பளி ஒட்டினால் போய்விடும் என்றார் முட்டிசோ.

"அடோங்கோ, இதுல சாவி டிக்குங்குதுடி. அங்க கேக்குதா?"

அடோங்கோ திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே நின்றாள்.

"கேக்குதுடி. இங்க வரைக்கும் கேக்குது. சத்தமும் ஒல்லியா இருக்கு, பாதி வழியிலயே செத்துப்போவுது. ரெண்டாவதை எடு."

மொராவின் கை மூன்றாவதை விடவில்லை. ஆனால் கையை நம்புவதா, காதை நம்புவதா? அதற்குத்தானே ஆளையே கூட்டி வந்தது. இரண்டாவதை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைச் சொன்னாலே எரிச்சல் வருகிறது. புதுக் குழல் மட்டமும் இல்லை, பிரமாதமும் இல்லை. மேல் சுரங்களில் ஒரு மந்தம். குழல் மட்டும்தான் புதுசு போலிருக்கிறது என்று பராசா ஒருநாள் எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். மொரா குழலைக் குறை சொல்லவில்லை. தன் உதட்டைக் குறை சொன்னாள், மூச்சைக் குறை சொன்னாள், விடியற்காலையில் எழுந்து பக்கத்து வீட்டுக்காரர்களிடம் வசவு வாங்கிக்கொண்டு பயிற்சி செய்தாள். ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் அடோங்கோவிடம் எப்படிக் கேட்டது என்று கேட்பாள். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று, இன்னும் இரவல் குழலையே ஊதிவந்த அடோங்கோ அவள் தோளில் கை போட்டுச் சொல்வாள். அந்தக் கையின் சூட்டில் இவளுக்குத் தெம்பும் வரும். பைத்தியக்காரப் பெண்.

தேர்வு ஒரு தேவாலயக் கூடத்தில் நடந்தது. ஊதுகிறவர் யாரென்று தெரியாமலிருக்க மேடையில் திரை கட்டியிருந்தார்கள். பராசாவும் மற்ற இரண்டு பேரும் கூடத்தின் கோடியில் வாசலோரம் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து வாசிக்க வேண்டியவர் திரையை ஒட்டிய பெஞ்சில் காத்திருக்க வேண்டும். அந்தப் பெஞ்சில் உட்காரும் முறை மொராவுக்கு வந்தபோது அடோங்கோ கூடத்தில் எங்கும் இல்லை. தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

திரைக்குள்ளிருந்து முதல் சுரம் எழுந்ததும் மொராவுக்கு உடம்பு சிலிர்த்தது. இது என்ன குழல்? எந்தப் பணக்கார வீட்டுப் பெண்? பொறாமைப்படக்கூட மறந்து கேட்டாள். மெட்டு கீழிறங்கித் திரும்பும் இடத்தில், டிக்.

அடுத்த வரியில் அதே இடத்தில் மறுபடியும் டிக்.

அவளுடைய இடது சுண்டுவிரல் தானாக மடங்கியது. அந்தச் சாவியை அந்த விரலுக்குத் தெரியும்.

மெல்ல எழுந்தாள். சுவரோரமாகப் பின்னால் நடந்தாள். கடையில் அடோங்கோ நின்றிருந்த தூரம் வந்ததும் நின்றாள். சாவிச் சத்தம் இல்லை. கொஞ்சமும் இல்லை. குழலின் ஓசை மட்டும் எந்த இடத்திலும் மெலியாமல், முழுசாக வந்து அவள்மேல் விழுந்தது. அன்று அவள் ஊதி, அவளுக்கு மட்டும் கேட்காமல் போன ஓசை. அடோங்கோ இதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். இதைக் கேட்டுவிட்டுத்தான் செத்துப்போகிறது என்றிருக்கிறாள். மொராவுக்கு அழுகை வந்தது. அம்மாவின் முகம் நினைவுக்கு வந்ததும் அதை அடக்கிக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பினாள்.

திரையை விலக்கிக்கொண்டு அடோங்கோ வெளியே வந்தாள். குழலைக் கழுத்துத் துணியில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். மொராவைப் பார்த்ததும் திடுக்கிட்டாள். பிறகு தணிந்த குரலில், அண்ணன் தோஹாவிலிருந்து திடீரென்று பணம் அனுப்பிவிட்டான், சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன், நேரமே வாய்க்கவில்லை என்றாள். மொரா தன் குழலைப் பையிலிருந்து எடுத்தாள். பழக்க தோஷத்தில் அடோங்கோ கேட்டாள்.

"எப்டி இருந்துச்சு?"

மொரா அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சாவி சத்தம் கேட்டுச்சுடி. இங்க வரைக்கும் கேட்டுச்சு."

அடோங்கோவின் கை தன்னையறியாமல் துணிக்குள் அந்தச் சாவியைத் தேடிப் பொத்தியது.

அடுத்தவர் வரலாம் என்று கோடியிலிருந்து குரல் வந்தது. மொரா திரைக்குள் போய் நின்று, இரண்டாவது குழலை வாயில் வைத்தாள். நன்றாகத்தான் ஊதினாள். அந்தப் பக்கம் அது எப்படிக் கேட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இனி அவளுக்கு ஆள் இல்லை.