கடற்கரைக்குப் பன்னிரண்டு புத்தகங்கள்

சும்மா இருக்கத் தெரியாத கை என் கை. இல்லாவிட்டால் யாருமே கேட்காத பட்டியலை நான் ஏன் போட வேண்டும்?

ஜூலையில் எங்கள் நெசவாலைக்காரர்கள் கருங்கடல் ஓரத்து ஓய்வு விடுதிக்குப் பத்து நாள் போவார்கள். மணலில் குப்புறப் படுத்து வாசிக்க, தலையைக் குடையாத பன்னிரண்டு புத்தகங்களை, நான் பார்த்துக்கொள்ளும் ஆலை நூலகத்திலிருந்து பொறுக்கினேன். துப்பறியும் கதை, காதல் கதை, மீன் சமையல், இப்படி. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி: 'நடுவில் தூங்கிப்போனாலும் கதை விட்டுப்போகாது.' நூலகத்தில் இருந்த ஆபீஸ் டைப்ரைட்டரில் எழுத்து மங்கலாக விழுந்தது. அதனால் வீட்டில், மாமனார் விட்டுப்போன பழைய டைப்ரைட்டரில் பளிச்சென்று அடித்தேன்.

அந்த டைப்ரைட்டரை நாங்கள் போலீசில் பதியவே இல்லை. போன வருஷம் சட்டம் வந்ததிலிருந்து ருமேனியாவில் டைப்ரைட்டர் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும், எதை யார் அடித்தார்கள் என்று போலீஸ் கண்டுபிடிக்க வசதியாக, அதில் அடித்த எழுத்து மாதிரியைக் கொடுத்துவிட்டு வரவேண்டும். "நாளைக்குப் போறேன்" என்றே என் கணவர் ஹோரியா ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார். பிடிபட்டால் அவர்தான் உள்ளே போவார்.

பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய மூன்றாம் நாள் ஆலை இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

"பிரமாதம் ஸ்மரான்டா. மாவட்டத்துல இருக்கற எல்லா ஆலைக்கும் அனுப்பச் சொல்லிட்டேன்."

இனி அந்த எழுத்து எங்காவது போலீஸ் கண்ணில் படாமல் போகாது. வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன்.

"நல்ல பேரு வாங்கணும்னு உனக்கு என்ன அரிப்பு?" என்றார் ஹோரியா.

"வருஷம் பூரா சோம்பிக் கிடந்தது யாரு?" என்றேன். அதற்குமேல் சண்டை போட இருவருக்கும் தெம்பில்லை. அவர் டைப்ரைட்டரைக் கோணியில் சுற்றி நிலக்கரிக் குவியலுக்குள் புதைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை போலீஸ் கேப்டன் ஒப்ரிஷான் நூலகத்துக்கு வந்தார். கையில் என் பட்டியல்.

"என் மனைவிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இன்னொண்ணு அடிச்சுக் குடுங்களேன். இப்பவே, இங்கேயே."

ஆபீஸ் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன். தாளைச் செருகி அடிக்க ஆரம்பித்தேன். அவர் காலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தார். அடித்து முடித்ததும் தாளை வாங்கி, பழையதோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டும் வேறு வேறு டைப்ரைட்டர் என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"உங்க வீட்டுக்காரர் என்ன வேலை?"

"பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார்."

"நல்ல வேலை. போயிடக்கூடாது." இரண்டு தாள்களையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இதைப் பெரிசு பண்ண எனக்கு இஷ்டமில்ல, தோழர். வேற ஒரு பட்டியல் போட்டுக் குடுங்க. யார் வந்து புத்தகம் எடுக்கறாங்க, எடுக்கும்போது என்ன பேசறாங்க, எதைச் சொல்லிச் சிரிக்கறாங்க. மாசத்துக்கு ஒண்ணு போதும்."

நூலகத்துக்கு வருகிற பெண்கள் என் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுவார்கள். ரொட்டிக்கு நின்ற வரிசை, இல்லாத மின்சாரம், மேலே இருக்கிறவர்களைப் பற்றிய கேலி. என்னிடம் சொன்னால் வெளியே போகாது என்று அவர்களுக்கு நம்பிக்கை. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக.

"எத்தனை பேரு வேணும்?" என்று கேட்டேன்.