சுற்றறிக்கையில் இல்லாத மழை

பழனியாண்டியின் படிப்புக் கடனுக்குப் பிணை நிற்க அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் தேவைப்பட்டபோது, ருவான்வெல்லைக் கடன் கிளையின் தலைமை எழுதுவினைஞர் கணேசலிங்கம் தாமாகவே முன்வந்தார். கந்தோர் மேசையிலேயே கையெழுத்துப் போட்டிருந்தால் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். ஆகவே பழனியாண்டியின் ரப்பர் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில், தொழிலாளர்கள் விடியற்காலையில் பெயர் கொடுக்க வரிசை கட்டும் அதே இடத்தில், வாழை கட்டி, ஒலிபெருக்கி வைத்து, மேடையேறிக் கையெழுத்துப் போட்டார்.

"தோட்டத்துப் பிள்ளை ஒண்டு சர்வகலாசாலைக்குப் போகுது. நான் பிணை. இது கடன் இல்லை, விளக்கு!" என்றார்.

மேடையில் போட்ட மாலையைக் கழற்ற மனம் வரவில்லை. அப்படியே பஸ் ஏறினார். கண்டக்டர் யாரோ மாப்பிள்ளை என்று நினைத்து முன் சீட்டில் இடம் பிடித்துக் கொடுத்தான்.

நிபந்தனையும் அப்போது பார்க்க அழகாகத்தான் இருந்தது. பட்டத்துக்கேற்ற உத்தியோகம் கிடைத்த பிறகு, அந்தச் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் போதும்.

பட்டம் கிடைத்தது. உத்தியோகம் கிடைக்கவில்லை. இதற்கிடையே பழனியாண்டியின் அப்பா ஐயாவுவுக்கு வயது போய்விட்டதென்று, தோட்டத்துத் தொழிலாளர் பெயர்ப் பதிவான செக்ரோலிலிருந்து பெயரை வெட்டினார்கள். தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவில் குடியிருக்க வேண்டுமானால் அந்த வீட்டிலிருந்து ஒரு பெயராவது செக்ரோலில் இருக்க வேண்டும். அந்த வீட்டில் மிச்சமிருந்தது ஒரே பெயர். அதற்குப் பின்னால் பி.ஏ. என்றிருந்தது.

பழனியாண்டி கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போனான்.

"பி.ஏ., பாத்து வெட்டு. பட்டையில காயம் பட்டா மரம் செத்துரும். அதுக்கு உன் இங்கிலீசெல்லாம் வெளங்காது" என்றார் கங்காணி.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததையும் அதே களத்தில்தான் கொண்டாடினார்கள். வெள்ளைக்காரத் துரை போய் ஒரு மாத்தயா, அதாவது சிங்கள ஐயா, வந்தார். கத்தியும் வாளியும் அப்படியே இருந்தன. அடுத்ததாக ஒரு சுற்றறிக்கை விட்டுக் கடன் விதியை மாற்றினார்கள். அரசாங்கத்தின் கீழ் எந்த வேலை பார்த்தாலும் அது உத்தியோகம். தவணை, பட்டதாரிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படும். பழைய கடன்களுக்கும் இது பொருந்தும். ரப்பர் மலை இப்போது அரசாங்கத்தின் மலை. ஆகவே பழனியாண்டி ஒருநாள் தூங்கி எழுந்தபோது அரச உத்தியோகத்தனாகியிருந்தான்.

சம்பள நாளில் தவணை பிடித்தது போக மிஞ்சியது அரிசிக்குப் போதவில்லை. மாத்தயாவிடம் போய்ச் சொன்னான். அவர் நல்ல மனிதர். "மொனவ கரன்னத, பழனியாண்டி?" என்று கையை விரித்தார். என்ன செய்ய என்று அவனிடமே கேட்டால் அவன் எங்கே போவான்? கடன் கிளைக்குப் போனான்.

"ஐயா, கையெழுத்துப் போடயில வேற மாதிரித்தானே இருந்துச்சு?"

"ஓம் தம்பி. அது அப்பத்தைய நிபந்தனை."

"ரெண்டு பக்கமும் சேந்து ஒத்துக்கிட்டதுங்க. அவங்க மட்டும் எப்பிடி மாத்துறது?"

"மாத்தேல்லை. திருத்தியிருக்கினம்."

"பாலு வெட்டுறவன் கையில வாத்தியார் சம்பளத்துக்குத் தவணை கேக்குறாங்க. இது நியாயமாங்க?"

கணேசலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நியாயம் எங்கட கிளைக்கு வராது. நாங்கள் கடனை அறவிடுற ஆக்கள்."

"அப்ப எந்தக் கிளைங்க?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "கொழும்பில இருக்கலாம்" என்றார்.

"அப்பிடின்னா பேர வெட்டிக்கிட்டு வீட்டுல குந்திர்றேங்க. காம்பரா போனாலும் போகுது. வேலை இல்லாதவன்கிட்ட கேக்க மாட்டாங்கதானே?"

"ஐயோ, விடாதையும்!" கணேசலிங்கம் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "வேணுமெண்டு வேலையை விட்டால், ஏன், தவணையில ஒரு சதம் குறைஞ்சாலும், பிணையாளின்ர சம்பளத்தில வெட்டச் சொல்லிச் சுற்றறிக்கையின்ர கடைசிப் பந்தியில கிடக்குது!"

அந்தச் சுற்றறிக்கையைத் தமிழாக்கியவர் அவரேதான். கடைசிப் பந்தியில் நடை நன்றாக விழுந்திருக்கிறது என்று சக ஊழியர்களுக்கு வாசித்தும் காட்டியிருந்தார். பிணையாளி என்றால் யார் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

அந்த ஞாயிறு அவர் மாலையில்லாமல், பிஸ்கட் பெட்டியோடு லயத்துக்கு வந்தார். உழைப்பின் மேன்மையைப் பற்றி ஐயாவுவின் வாசலில் நின்று நெடுநேரம் பேசினார். பால் வெட்டுவது போன்ற ஒரு தொழில் உலகத்திலேயே இல்லை என்றார். "படிப்பு எங்க தம்பி ஓடப்போகுது? அது இருக்கும். நீர் கத்தியை மட்டும் விட்டிடாதையும்."

ஐயாவு பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே கேட்டார். "அன்னைக்கு வெளக்குன்னீங்களே சாமி, அது இதுதானுங்களா?"

கணேசலிங்கம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

அவர் போன பிறகு ஐயாவு மகனிடம் சொன்னார். "நான் கண்ண மூடிட்டா இந்தக் காம்பரா தேவைப்படாது. நீ எங்கேயாவது போய்ப் பொழச்சுக்கலாம். அதுவரைக்கும் வெட்டுடா." குறையாகச் சொல்லவில்லை. ஒரு ஏற்பாட்டைச் சொல்வதுபோலச் சொன்னார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குப் பெயர் இல்லை, சம்பளமும் இல்லை. தவணை மட்டும் நனையாமல் வந்துகொண்டிருந்தது. குறைந்ததைப் பிணையாளி கணக்கில் வெட்டும்படி உத்தரவு எழுத வேண்டியவர் கணேசலிங்கம். எழுதினார். மழை நாளுக்கு ஏதாவது விலக்கு உண்டா என்று சுற்றறிக்கையை முன்னும் பின்னும் புரட்டினார். வெள்ளம், வறட்சி, யுத்தம் எல்லாம் இருந்தன. மழை இல்லை. தமிழாக்கத்தில் விட்டுப்போயிருக்குமோ என்று மூலத்தையும் பார்த்தார். அதிலும் இல்லை.

இப்போதெல்லாம் அவர் காலையில் பஸ் நிலையத்தில்தான் நிற்கிறார். தோட்டப் பக்கமிருந்து பஸ் வந்ததும் கண்டக்டரைப் பிடித்துக்கொள்கிறார். "தம்பி, மலைப்பக்கம் எப்பிடி? வெளிச்சிருக்கோ?"

"அனே மாத்தயா, நல்லா ஊத்துது" என்கிறான் அவன். இவருக்கும் ரப்பர் காணி இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொள்கிறான்.

அதே நேரம் பிரட்டுக்களத்தில், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பழனியாண்டி நிற்கிறான். "இன்னைக்கும் பேர் இல்ல, போங்க போங்க" என்கிறார் கங்காணி. காம்பராவுக்குத் திரும்புகிறான். கூரைத் தகரம் ஒழுகும் இடத்தில் பால் வாளியை வைத்துவிட்டுக் குந்துகிறான்.

"டேய்," என்கிறார் ஐயாவு மூலையிலிருந்து, "வாளி ரொம்பிருச்சு பாரு."