லாசரஸின் அழைப்புக் குறி

“சோர்ஸ் கோடைக் குடுங்க சார். இப்பவே படிக்கணும்.”

தனசேகரன் வாய்வரை கொண்டுபோன டீக் குவளையை அப்படியே கீழே வைத்தார். உர்சுலா வேலைக்குச் சேர்ந்த அன்றே எச்சரித்திருந்தார்: சம்பள உயர்வு கேள், லீவு கேள், அதை மட்டும் கேட்காதே. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டு மாடியில் இருந்த அவருடைய கம்பெனி, இழுவைப் படகுகள் துறைமுகத்தோடு செய்தி பரிமாறிக்கொள்ளக் கணினி வயர்லெஸ் செட் செய்து விற்றது. செட்டை இயக்கும் புரோகிராம் சிப்புக்குள் பூட்டிக் கிடந்தது. தானே எழுதியது என்பார். அதன் மூல வரிகளை வேறு யாரும் பார்த்ததில்லை.

“ரூல் தெரியும்லா? வாங்கினவன் அலைவரிசையை மாத்த முடியும்னா செட்டுக்கு அனுமதி கிடையாது. அதான் பூட்டு.”

“மாத்தக்கூடாதுன்னுதான் ரூல். படிக்கக்கூடாதுன்னு எங்க இருக்கு?”

“படிச்சவன் மாத்துவான். ஒரு டிகிரி வாங்கிட்டா வாய் இவ்ளோ நீளுமா?”

“டிகிரிக்கு முன்னாலயே நீளம்தான் சார். லாசரஸ் அண்ணனுக்கு நாளைக்கு விசாரணை. அவரு அழைப்புக் குறி துறைமுக அலைவரிசையில கேக்குதாம், அத்துமீறி அனுப்புறாருன்னு கேஸ். அங்க ஓடுறது நம்ம செட்டு. அவரு அலையைப் பிடிச்சுத் திருப்பி அனுப்புதான்னு பாக்கணும்.”

“அவரு விளையாட்டுக்கு நம்ம செட்டு என்ன செய்யும்? போய் வேலையப் பாரு.”

லாசரஸ் துறைமுகக் குமாஸ்தா, உர்சுலாவின் தேவாலயத்துக்காரர், பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசும், லைசென்ஸ் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர்; லைசென்ஸோடு கொடுத்த அழைப்புக் குறிதான் அலையில் அவர் பெயர். வயர்லெஸ் செட்டைக் கணினி வழியே இயக்கும் புரோகிராம் ஒன்றை எழுதி, வரிக்கு வரி யாரும் படிக்கும்படி, கேட்டவர்களுக்கெல்லாம் டிஸ்க்கில் கொடுத்துக்கொண்டிருந்தவர். இப்போது அதிகாரிகள் அவருடைய செட்டை எடுத்துப் போய்விட்டார்கள். நாளை குற்றம் உறுதியானால் துறைமுக வேலையும் போய்விடும்.

உர்சுலா பெஞ்சுக்குத் திரும்பினாள். படகுக்குப் போகத் தயாராக இருந்த செட் ஒன்றை முடுக்கி, பக்கத்தில் ஒரு ரிசீவரை வைத்தாள். கரகரவென்று தரவுச் சத்தம். கீழே மசாலா அரைக்கும் மில்லின் இரைச்சல். பத்து நிமிடம் ஆனதும் கரகரப்பு நின்றது. மெல்லிய விசில் எழுந்தது.

மோர்ஸ் தந்திக் குறி. அதன் முடிவில் குட்டை, நீளம், குட்டை, குட்டை. பிறகு தேவைக்கு மேல் ஒரு இடைவெளி. நீளம், நீளம், குட்டை, குட்டை.

எல். இசட். லாசரஸின் அழைப்புக் குறி முடிவது இப்படித்தான்.

அந்த இடைவெளி லாசரஸுடையது. கையால் தட்டும்போதும் எல்லுக்குப் பிறகு மூச்சு வாங்குவார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தன் குறியைச் சொல்லியாக வேண்டும் என்பது அமெச்சூர்களுக்கு விதி. மறக்காமலிருக்கப் புரோகிராமிலேயே எழுதி வைத்திருந்தார். அதை வாங்கும் அமெச்சூர், முதல் வேலையாக அங்கே தன் குறியைப் போட்டுக்கொள்வார். தனசேகரன் அமெச்சூர் இல்லை. அப்படி ஒரு வரி இருப்பதே அவருக்குத் தெரியாது.

“சார், இங்க வாங்க.”

அடுத்த முறை விசில் எழுந்தபோது இருவரும் நின்று கேட்டார்கள். அவர் கை ரிசீவரை அணைக்கப் போனது.

“நீங்க எழுதினதா சார் இது? டிஸ்க்கை அவருகிட்ட வாங்கி, பேரைக்கூடப் பாக்காம அப்படியே பூட்டி வித்திருக்கீங்க!”

“கத்தாதேம்மா. அடுத்த சிப்புல எடுத்துடுறேன். யாருக்கும் தெரியாது.”

“நாளைக்கு அவரு வேலை போகுது!”

“அவருக்கு இது பொழுதுபோக்கு. நமக்குப் பொழப்புலா. அனுமதி போச்சுன்னா நீயும்தான் தெருவுல நிப்பே.”

உர்சுலா வீட்டில் முதன்முதலாகப் படித்து வேலைக்கு வந்தவள். அப்பா இன்னும் மூட்டை தூக்குகிறார். அது இவருக்கும் தெரியும், தெரிந்துதான் சொன்னார்.

கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றிப் பெஞ்சில் போட்டாள்.

“ஆதாரமா செட்டைத் தூக்கிட்டுப் போயிடாதே!”

“எனக்கெதுக்கு சார்? எல்லாப் படகுலயும் ஓடுது. விசாரணை ஆபீசருங்களை ஒரு படகுல ஏறிப் பத்து நிமிஷம் காதைக் குடுங்கன்னு சொல்லப் போறேன். அவ்ளோதான்.”

“உர்சுலா!”

அவள் அதற்குள் படியிறங்கி, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.