கறுப்புக் காருக்கு நல்ல தண்ணீர்

குழாயடியில் குடத்தோடு நிற்கிற ஆண்பிள்ளையைப் பார்த்தால் வெற்றிச்செல்வனுக்கு உதடு தானாகப் பிதுங்கும். அவன் குடியிருந்த மூலக்குளத்தில் சைக்கிளின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடத்தைக் கட்டிக்கொண்டு போகிற ஆண்கள் எத்தனையோ பேர். “பொண்டாட்டிக்கு வேலக்காரன் போறான் பாரு” என்பான், அவர்கள் காதில் விழும்படியாகவே. அவன் வீட்டிலும் தண்ணீர் இருந்தது. அது எப்படி வந்தது என்று அவன் கேட்டதில்லை. அவன் மனைவி நிர்மலா இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் காலையில் எட்டு நடை நடப்பாள். இவன் அந்தத் தண்ணீரில் முகம் கழுவி, பவுடர் பூசி, வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் மாட்டிக்கொண்டு டவுனுக்குப் புறப்படுவான். அப்படி ஒரு மகாராஜா.

மகாராஜா டவுனில் பார்த்தது டிரைவர் வேலை. கடற்கரையை ஒட்டிய தெரு ஒன்றில் அருளானந்தம் ஒரு சின்ன விடுதி நடத்திவந்தார். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பிய சொல்தா. எழுபது வயதிலும் முதுகு வளையாது. விருந்தாளிகளைச் சென்னை விமான நிலையத்திலிருந்து அழைத்துவர இரண்டு கறுப்பு அம்பாசடர் கார் வைத்திருந்தார். ஒன்றை வெற்றிச்செல்வன் ஓட்டினான். இன்னொன்றை ஓட்டியது சுமலதா, முத்தியால்பேட்டைக்காரி, முப்பது வயதைத் தாண்டாதவள். மகளிர் குழுவில் இலவசமாகச் சொல்லிக்கொடுத்த வகுப்பில் கார் ஓட்டக் கற்றவள்.

இலவசமாகக் கற்றாள் என்பதே வெற்றிச்செல்வனுக்குப் போதுமானதாக இருந்தது. அவள் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் மதில் ஓரமாக நின்றுகொண்டு, “மெதுவா, மெதுவா, தெருவே உனக்குத்தான்” என்பான். மூன்று வருடத்தில் அவள் ஒரு தடவைகூட மதிலை உரசவில்லை. உரசாதது அவன் கணக்கில் அதிர்ஷ்டம்.

சுனாமிக்கு மறு வருடம் விருந்தாளிகள் குறைந்துபோனார்கள். வைகாசி மாதம் ஒருநாள் அருளானந்தம் இருவரையும் கூப்பிட்டு, ஒரு காரை விற்கப்போவதாகச் சொன்னார். “ரெண்டு பேரும் நல்லா ஓட்டறீங்க. ஒருத்தர போன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அலோர், அதனால நாளைக்கு ரெண்டு காரையும் கழுவி, பதினோரு மணிக்கு வெயில்ல கொண்டாந்து நிறுத்துங்க. பட்டாளத்துல எங்க பூட்ஸ அப்படித்தான் பாத்தாங்க. கோடு இல்லாத காரு எதுவோ, அந்த டிரைவரு இருக்கட்டும்.”

இந்த வேலைக்காகத்தான் வெற்றிச்செல்வன் கம்பெனி வேன் ஓட்டுவதை உதறிவிட்டு வந்திருந்தான். வரும்போது அங்கே நாலு பேரிடம் வாய்ச்சவடால் அடித்துவிட்டு வந்ததால் திரும்பிப் போக வழியில்லை. ஆனாலும் அவன் கவலைப்படவில்லை. சந்தோஷப்பட்டான். கார் கழுவுவதில் அவனை மிஞ்ச இந்த ஊரில் ஆள் ஏது? “ஒரு பொம்பளையோட எனக்குப் போட்டி வெக்கறாரு பாரு” என்று அன்றிரவு நிர்மலாவிடம் சொல்லிச் சிரித்தான். நிர்மலா சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததை அவன் கவனிக்கவும் இல்லை.

உள்ளதைச் சொல்லவேண்டும், அவனுக்கு வேலை தெரியும். மறுநாள் காலை ஏழு மணிக்கே காரைப் போர்ட்டிகோ நிழலில் விட்டான். என்ஜின் சூடு ஆறும்வரை காத்திருந்தான். துடைப்பதற்கு முன்னால் கடல் மணலைத் தண்ணீர் விட்டே இறக்கினான். மணலோடு துடைத்தால் பெயின்ட் கீறிப்போகும். கூரையில் ஆரம்பித்துக் கீழே வந்தான். சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி. ஷாம்பு நுரை காய்வதற்குள் ஒவ்வொரு பக்கமாக அலசினான். வட்டம் போடாமல் நேராகத் துடைத்தான். துடைக்க ஒரு தோல்துணி புதிதாக வாங்கி வந்திருந்தான்.

எல்லாம் சரி. தண்ணீர்தான் தவறு.

விடுதியின் போர் தண்ணீர் கடலுக்குப் பக்கத்துத் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. வெள்ளைக் காரில் அது தெரியாது. கறுப்புக் காரில் காய்ந்ததும் காட்டிக்கொடுத்துவிடும். சமையல்காரி குஞ்சம்மாள் தொட்டியில் பிடித்துவைக்கிற நல்ல தண்ணீரைக் காருக்குத் தரமாட்டாள். வேண்டுமென்றால் தெரு மூலைக் குழாயில், காலை ஆறிலிருந்து எட்டரைக்குள், வரிசையில் குடம் வைத்துப் பிடித்து வரவேண்டும். வரிசை முழுக்கப் பெண்கள்.

இதெல்லாம் வெற்றிச்செல்வனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தவனாக இருந்தால் அவனுக்காக நாமும் கொஞ்சம் வருத்தப்படலாம். இவன் தெரிந்தே செய்தான். அந்த வரிசையில் போய் நின்று, ஒருத்தி “ஏன்யா, ஊட்ல பொம்பள இல்லியா?” என்று கேட்டுவிட்டால் அவன் வெள்ளைச் சட்டை என்ன ஆவது? தோல்துணி போட்டு அழுத்தித் துடைத்தால் உப்பு எங்கே நிற்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சுமலதா குழாய்க்கும் காருக்குமாக நடந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு குடம். புடவைத் தலைப்பு நனைந்து, பாவாடை விளிம்பு சேறாகி, பார்க்கவே லட்சணமாக இல்லை.

“காரு கழுவறியா, கல்யாணத்துக்குச் சமைக்கப் போறியா?” என்றான்.

“போர் தண்ணி உப்புண்ணா. வெயில்ல தெரிஞ்சுபூடும்.”

“எனக்கே பாடமா? நீ கியரு மாத்தக் கத்துக்கறதுக்கு முன்னயே நான் லாரி கழுவனவன்.”

அவள் அடுத்த குடத்துக்குப் போனாள். அதை அவன் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டான். ஒன்பதரைக்கு இரண்டு காரும் நிழலில் நின்றன. அவனுடைய கார்தான் அதிகமாகப் பளபளத்தது. அவளுடையது, பழைய வேட்டித் துணியால் துடைத்தது, கொஞ்சம் அடக்கமாக இருந்தது. வெற்றிச்செல்வன் டீ குடித்தான். இன்னொரு டீயும் குடித்தான்.

பத்தேகாலுக்குக் காரை வெளியே எடுத்து வெயிலில் நிறுத்தினான். இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். பானட்டிலும் கூரையிலும் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், அரிசி கழுவிய தண்ணீர் வழிந்து காய்ந்ததைப்போல. தோல்துணியை எடுத்துத் தேய்த்தான். கோடு போய்ப் புகை படிந்ததுபோல மப்பு வந்தது. ஓடிப்போய் ஹோஸைப் பிடித்து இன்னொரு தரம் அடித்தான். வைகாசி வெயிலில் அது அடித்த இடத்திலேயே காய்ந்து, முன்பு மூன்று கோடு இருந்த இடத்தில் ஏழு கோடு ஆயிற்று.

அப்போதுதான் அவன் குடம் எடுத்தான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அதைத் தொடையோடு மறைத்துக்கொண்டு, தெரு மூலைக்கு ஓடினான். குழாயடியில் யாரும் இல்லை. அந்த நிலைமையிலும் யாரும் இல்லையே என்று அவனுக்கு நிம்மதியாக இருந்தது, பாருங்கள். திருகினான். குழாயில் காற்று மட்டும் வந்தது.

சமையலறைக்குப் போனான். குஞ்சம்மாள் தொட்டியின் குறுக்கே நின்றுகொண்டாள். “சோத்துக்கு இருக்குது. காருக்குக் கெடயாது.”

திரும்பி வந்தபோது சுமலதா தன் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் கார் வெயிலில் கன்னங்கரேலென்று நின்றது, ஒரு கோடு இல்லை. அவள் இவனுடைய பானட்டைப் பார்த்தாள், இவன் கையிலிருந்த காலிக் குடத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அவன் அவளிடத்தில் இருந்திருந்தால் தெரு முழுக்கக் கேட்கும்படி சிரித்திருப்பான்.

“என்னாண்ட ரெண்டு கொடம் மீந்திருக்குதுண்ணா. வண்டிய நெழலுக்கு எடுங்க. கூரைக்கும் பானட்டுக்கும் தாராளமா போதும். இன்னும் அரை மணி இருக்குது.”

வேலை கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. நிர்மலாவின் முகமும், கம்பெனியில் அவன் சவடால் அடித்த நாலு பேரும் அவன் கண்முன் வந்து போனார்கள். ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் வெளியே வந்தது வேறு.

“நீ தூக்கியாந்த தண்ணில நான் கழுவணுமா? என்னைய என்னான்னு நெனச்ச?”

சுமலதா அவனை ஒரு கணம் பார்த்துவிட்டுக் குடங்களை நிழலில் தள்ளி வைத்தாள். மிச்ச அரை மணி நேரமும் அவன் உலர்ந்த துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

பதினோரு மணிக்கு அருளானந்தம் வெளியே வந்தார். வெள்ளைக் கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு இரண்டு காரையும் சுற்றி வந்தார். வெற்றிச்செல்வனின் கூரையில் ஓர் இழுப்பு இழுத்து, விரலைத் தூக்கிப் பார்த்தார்.

“போர் தண்ணி அப்படித்தான் முசியே. நான் என்ன பண்ணட்டும்?” என்றான்.

“அந்தக் காரும் இதே ஊட்லதான இருக்குது? சுமலதா, நீ எங்க தண்ணி புடிச்ச?”

“தெருமூலைக் கொழாயில, முசியே.”

அவர் அவன் பக்கம் திரும்பினார். “உனக்கு அந்தக் கொழாய் இருக்கறது தெரியாதா?”

“தெரியும். அங்க பொம்பளைங்க நிப்பாங்க முசியே.”

அருளானந்தம் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கையை நீட்டினார். “சாவியக் குடு.” பிறகு சுமலதாவைப் பார்த்து, “பகல் மூணு மணிக்கு வாங்கறவங்க வராங்க. வித்தாலும் சுத்தமா விக்கணும்” என்றார்.

அவள் அவன் காரை நிழலுக்கு ஓட்டிப் போனாள். கூரைக்கு அரைக் குடம், பானட்டுக்கு அரைக் குடம், பக்கங்களுக்கு ஒரு குடத்துக்குச் சற்றுக் குறைவு. வேட்டித் துணியால் நேராக நாலு இழுப்பு. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வெற்றிச்செல்வன் கேட்டைத் தாண்டிப் போயிருக்கலாம். போகாமல் எதையோ தேடுகிறவனைப்போல நின்று கடைசிவரை பார்த்தான். கோடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஞ்சியது தண்ணீர்தான், குடத்தின் அடியில் ஒரு சொம்பு அளவுக்கு. அதை என்ன செய்வதென்று சுமலதா யோசித்தாள். பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலில் ஒட்டியிருந்த சேற்றில் ஊற்றிக் கழுவினாள்.