பெல்ட் ஓடும் வழி

கார் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கழற்ற மூன்றே போல்ட்தான். ஆனால் மூன்றாவது போல்ட் அவளை அரை மணி நேரம் பாடாய்ப் படுத்திவிட்டது. ஸ்பேனர் நுழைய இடமில்லை, கை நுழைந்தால் திரும்ப வழியில்லை. தம்பி பக்கத்தில் நின்று டார்ச் அடித்தான். வெளிச்சம் வேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் விழுந்தது.

"எங்கடா காட்டுற?"

"உன் மூஞ்சிக்குதான்கா. எஞ்சினை விட அங்கதான் கிரீஸ் ஜாஸ்தி."

இருவரும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக மாடியிலிருந்து அவன் இறங்கி வந்ததே அவளுக்குப் பெரிய விஷயம். வண்டி புதன்கிழமை நடுரோட்டில் படுத்ததிலிருந்தே அவன் ஒரு மாதிரி கரிசனமாகத்தான் இருந்தான். "மெக்கானிக் எதுக்குக்கா? அப்பாகிட்ட தொழில் கத்துக்கிட்ட கை உன்னோடது" என்றான். உச்சி குளிர்ந்து போனது அவளுக்கு.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கை கால் பயிற்சி கொடுப்பது அவள் பிழைப்பு. ஒரு நாளைக்கு ஆறு வீடு, ஆறும் ஆறு மூலை. வண்டி இல்லாவிட்டால் பாதி வீட்டை விட்டுவிட வேண்டியதுதான். அப்பா போன பிறகு காரைத் தம்பி பேருக்கு மாற்ற அவள்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். "பேர்ல என்னக்கா இருக்கு? வண்டி உன்னோடதுதான்" என்று அன்றைக்கு அவன் சொன்னான். அவளும் மறு பேச்சுப் பேசவில்லை.

புது ஆல்டர்னேட்டர் உட்கார்ந்துவிட்டது. இனி பெல்ட். ஐந்து உருளைகளுக்கு மேலும் கீழுமாகச் சுற்றி வரும் பெல்ட்டின் வழி, கழற்றிய மறு நிமிடமே மறந்துபோகும். அதனால் கழற்றும் முன்பே தம்பியின் போனில் படம் எடுக்கச் சொல்லியிருந்தாள். அவன் அந்தப் படத்தைத் திறந்து கொடுத்துவிட்டு, காபி கொண்டுவர மாடிக்குப் போனான்.

படத்தைப் பெரிதாக்கப் பார்த்தாள். கிரீஸ் விரல் வழுக்கி, முந்தைய படம் வந்துவிட்டது.

அவளுடைய கார். கழுவித் துடைத்து, முன்னால், பின்னால், பக்கவாட்டில். பின் சீட் காலியாக இருந்தது. எப்போதும் அந்த சீட்டிலேயே கிடக்கும் அவளுடைய பையும் பயிற்சிப் பந்தும் படத்தின் ஓரத்தில், தரையில் கிடந்தன. அதற்கு முந்தையது ஒரு விளம்பரம். 'அவசர விற்பனை. ஒரே குடும்பம் ஓட்டியது. ஆல்டர்னேட்டர் புதுசு.' தேதி வியாழக்கிழமை.

வியாழக்கிழமை அவள் புதிதை வாங்கக்கூட இல்லை.

விற்பது கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. மூன்று மணி நேரம் டார்ச் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, விற்கப்போகும் வண்டியை அவள் கையாலேயே சரிசெய்ய வைத்திருக்கிறான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

காபியோடு வந்தவனிடம் போனை நீட்டினாள். பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"சொல்லணும்னுதான்கா இருந்தேன்."

"எப்போ வர்றாங்க?"

"அஞ்சு மணிக்கு." காபியைத் தரையில் வைத்தான். "பெல்ட்டை மட்டும் மாட்டிக் குடுத்துடேன். அப்புறம் உக்காந்து பேசலாம்."

அவள் பெல்ட்டை அவன் தோளில் போட்டாள்.

"படம் இருக்குல்ல. நீயே மாட்டு."

வண்டிக்கு நேர் முன்னால் இருந்த முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்து, சோப்புத் தூளை அள்ளிக் கையைத் தேய்த்தாள். கிரீஸ் போவதாக இல்லை. அவன் படத்தைப் பார்ப்பதும் குனிவதுமாகத் திண்டாடி, ஒருவழியாக மாட்டியும்விட்டான். பேட்டரி வயரையும் பொருத்தினான்.

அங்கிருந்தே அவளுக்குத் தெரிந்தது. வழி சரி. ஆனால் புது ஆல்டர்னேட்டரின் உருளையில் பெல்ட்டின் வரிகள் அவற்றுக்கான பள்ளத்தில் விழாமல், ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருந்தன. கொஞ்ச தூரம் ஓடினால் நார் நாராகக் கிழிந்துவிடும்.

அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சாவியில் கை வைத்தபடி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"சரியா இருக்காக்கா?"

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நகக்கண்ணில் இருந்த கறுப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.