பாலத்தடியில் போகும் பனிப்பாளம்

எங்கள் ஆறு பெரிய ஆறில்லை. கோடையில் பசுமாடுகள் வயிறு நனையாமல் கடந்துவிடும். கடைசியில் காமா நதியில் போய்ச் சேர்கிறது என்பதைத் தவிர அதைப் பற்றி உலகத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பெயர் யூபெர்ஷூர்; ஷூர் என்றால் எங்கள் மொழியில் ஆறு. யூபெர் என்பவன் காடு வெட்டி எங்கள் ஊரைப் போட்டான். அவன் தம்பி ஓஜ்மெக் சண்டை போட்டுக்கொண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் இன்னொரு ஊர் போட்டான். அண்ணன் ஊரில் ஓர் ஊற்று, தம்பி ஊரில் ஒரு சதுப்பு. இரண்டிலிருந்தும் கிளம்பும் ஓடைகள் எங்கள் ஊர்ப் பாலத்துக்குச் சற்று மேலே ஒன்றாகின்றன. பேரரசி காலத்தில் நிலம் அளக்க வந்த அதிகாரி முதலில் அண்ணன் ஊரில் சாப்பிட்டான். வயிறு நிறைந்ததும், சேர்ந்த ஆற்றுக்கு அண்ணன் பெயரை எழுதிவிட்டுப் போனான். மேலே இருந்த இரண்டு ஓடைகளுக்கும் பெயர் எழுத அவனுக்குச் சோம்பல்.

அந்தச் சோம்பல் போன இலையுதிர்காலத்தில் எங்கள் தலையில் விடிந்தது. சரளைக்கல் தோண்டும் கம்பெனி ஒன்று சதுப்பு ஓடையின் கரையைக் கேட்டது. அந்த ஓடை ஆறு என்று பதிவானால் கரையைத் தொட முடியாது. மழைநீர் வடியும் பள்ளம் என்று பதிவானால் தடையில்லை. ஓஜ்மெக்கில் இப்போது நாலு வீட்டில்தான் புகை வருகிறது. அவர்கள் பேச்சை யாரும் எடுக்கப்போவதில்லை. எங்கள் ஊர் சொல்வதுதான் கணக்கு.

ஊர் மன்றத்தில் அதிகாரி ஃபெலிக்ஸ் ரோமானவிச் வரைபடத்தை விரித்தார்.

"ஆறு எங்க ஆரம்பிக்குது?"

"இதென்ன கேள்வி? எங்க ஊத்துலதான்" என்றார் அர்சேனி, என் அப்பாவின் அண்ணன்.

"அப்போ அந்தப் பக்கத்து ஓடை?"

"அது தவளைக் குட்டைங்க. பள்ளம்னு எழுதிக்குங்க."

மூலையில் உட்கார்ந்திருந்த கம்பெனிக்காரன் காலை நீட்டிக்கொண்டான். நான் எழுந்தேன்.

"பெரியப்பா, பள்ளம்னு எழுதினா நாளைக்கே மெஷின் வந்து நிக்கும். அந்தச் சேறு நேரா ஆத்தங்கரையில இருக்கற உங்க குளியலறைக்குத்தான் வரும்."

"படிச்சவ பேசறா, எல்லாரும் கையக் கட்டிக்கிட்டுக் கேளுங்க" என்றாள் பக்கத்து வீட்டு லுகேரியா. சிரிப்பு.

"ஏன் ஃபைனா, ஓஜ்மெக்காரன் வீட்டுக்கு மருமகளாப் போகப் போறியா?" என்றார் பெரியப்பா.

"போனா சொல்லிட்டுப் போறேன்."

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். படித்ததும் இதைத்தான்: நதிகள், நீர்ப்பிடிப்பு. சதுப்பு ஓடைதான் நீளம், அதில்தான் தண்ணீர் அதிகம் என்று வரைபடத்தில் கை வைத்துக் காட்டினேன். யார் காதிலும் ஏறவில்லை. அண்ணன் பெயர் கொண்ட ஆறு தம்பி வீட்டில் பிறந்தது என்று ஒப்புக்கொள்வதைவிடச் சேற்றில் குளிப்பதே மேல் என்று நினைக்கிற ஜனங்கள்.

எங்கள் ஊரில் வசந்தத்தில் பனியை வழியனுப்புவது வழக்கம். ஆற்றுப் பனி உடைந்து புறப்படும் நாளில் நல்ல உடை உடுத்திப் பாலத்துக்குப் போவோம். ரொட்டியைத் தண்ணீரில் போட்டுக் கும்பிடுவோம். முதல் துண்டு எப்போதும் பெரியப்பாவின் கையிலிருந்துதான்.

"பெரியப்பா, நம்ம ஊத்து ஓடை எப்பவாவது உறைஞ்சிருக்கா?" என்று கேட்டேன்.

"எங்க ஊத்தா?" அவர் சபை முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "எந்தக் குளிருக்கும் உறையாது! ஜனவரியிலகூட ஆவி பறக்க ஓடும்."

"அப்போ வருஷா வருஷம் பாலத்துல நின்னு கும்பிட்டு அனுப்பறீங்களே, மேலேர்ந்து மிதந்து வர்ற அந்தப் பனிப்பாளமெல்லாம் எங்கேர்ந்து வருது?"

லுகேரியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யய்யோ, இத்தன வருஷமா என் ரொட்டியெல்லாம் தவளைக் குட்டைக்கா போச்சு!"

ஓஜ்மெக்கிலிருந்து வந்திருந்த ஒரே ஆள், கிழட்டு சவேலி, கடைசி பெஞ்சிலிருந்து சொன்னான்: "எங்க போச்சு? எல்லாம் கீழதானே போச்சு. எங்களுக்கு ஒரு துண்டு வரல."

பெரியப்பாவின் கழுத்து சிவந்தது. தம்பி ஊருக்கு ஆற்றைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆயுசு முழுக்கச் சாக்கடையைக் கும்பிட்டதாகச் சொல்ல வேண்டும். எழுந்து தொப்பியைத் தலையில் வைத்தார்.

"நான் பள்ளத்தக் கும்பிடற ஆளில்ல. எழுதுங்கய்யா, ஆறு அங்கேர்ந்துதான் வருது. ஆனா பேரு எங்களோடது. அதுல எவனாவது கை வெச்சான்..."

"பேரை நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே ஃபெலிக்ஸ் ரோமானவிச் எழுதினார். கம்பெனிக்காரன் தேநீர் குடிக்காமல் போனான்.

குளிர்காலம் முழுக்கப் பெரியப்பா எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஏப்ரலில் பனி உடைந்தது. பாலத்தில் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். என் பக்கம் திரும்பவில்லை. ரொட்டியைப் பிட்டுப் போட்டார், கும்பிட்டார். மேல்கரையில் சவேலி நிற்பது தெரிந்ததும் கத்தினார்:

"டேய் சவேலி! உன் பனி என்னடா இவ்வளவு அழுக்கா வருது?"

பனி சுத்தமாகத்தான் இருந்தது.